சும்மா இருப்பதற்குச் சம்பளம்

ஔலுவில் ஜனவரி.
பின்லாந்தின் வடக்குப் பக்கம்.
காலை ஒன்பது மணிக்கும்
தெருவிளக்கு எரிந்தால்தான் பனி கண்ணில் படும்.
வெளியே மைனஸ் பன்னிரண்டு.
உள்ளே நடைக்கூடத்துத் தரையில்
ஏழு குழந்தைகள், பதினான்கு பூட்ஸ்.
கையுறைகளை எண்ணுவதை
ராக்கெல் எப்போதோ விட்டுவிட்டாள்.

அரை அடி முக்காலியில் இருக்கிறாள்.
இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து
அவற்றின் மேலேயே உட்கார்ந்திருக்கிறாள்.
விட்டால் போய்விடும்,
தொங்கும் ஸிப்பை நோக்கி,
உள்பக்கம் சுருண்ட சட்டைக்கையை நோக்கி,
அவளைக் கேட்காமலே.
இருபத்திரண்டு வருடம் ஆகியும்
அடங்காத கைகள்.

சமையலறையில் கஞ்சிப் பானை தேய்க்கிறவன் நான்.
முதல் வாரம் நினைத்தேன்:
கொடுத்து வைத்தவள்,
சும்மா இருப்பதற்குச் சம்பளம்.

எல்யாஸ் ஒரே கால்குழாய்க்குள்
இரண்டு காலையும் விட்டுக்கொண்டு
மீன் போலக் கிடக்கிறான்.
அழவில்லை. யோசிக்கிறான்.
ஹோதான் மேல்சட்டையைத்
தரையில் தலைகீழாக விரிக்கிறாள்.
குனிந்து கைகளை நுழைத்து
தலைக்கு மேலே ஒரு வீச்சு.
முதுகில் போய்ச் சரியாக உட்காருகிறது.
யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்க்கிறாள்.
ராக்கெல் பார்த்தாள்.
கைதட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பிஹ்லாவுக்கு இரண்டு வயது, மூன்று மாதம்.
கைவசம் முப்பது சொற்கள் இருக்கலாம்.
அவற்றில் தேய்ந்துபோன ஒன்று:
"இட்ஸே."
நான் இல்லை. நானே.
தேற்ற ஏகாரம் என்று பள்ளிக்கூடத்தில்
மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.
கன்னம் சிவக்க, காலை உதைத்து
அதை ஒருவர் உச்சரித்துக் கேட்டது
இந்த நடைக்கூடத்தில்தான்.

ஸிப்பின் அடிமுனையை மட்டும்
ராக்கெல் பொருத்திக் கொடுக்கிறாள்.
பெரியவர்களுக்கே சள்ளை பிடித்த இடம் அது.
ஒரு விரற்கடை ஏற்றிவிட்டுக்
கையை எடுத்துக்கொள்கிறாள்.
மீதி வயிறு, நெஞ்சு, தாடை
பிஹ்லாவின் பாடு.
நடுவில் மாட்டிக்கொள்கிறது.
நாக்கு வெளியே வருகிறது.
பானைக்குள் கையை வைத்தபடி
நானும் நாக்கைத் துருத்திக்கொண்டிருக்கிறேன்.

வெளியே கிளம்ப நாற்பது நிமிடம்.
வெளியே இருப்பது இருபத்தைந்து.

மாலை நான்கு. மறுபடி இருட்டு.
பிஹ்லாவின் அப்பா தர்மோ வந்தார்,
தோளில் பனி, கண்ணில் பஸ் நேரம்.
குனிந்தார். சர்ரென்று ஒரே இழுப்பு.
முடிந்தது.

பிஹ்லா ஸிப்பைப் பார்த்தாள்.
அப்பாவைப் பார்த்தாள்.
பிறகு இறக்கினாள்:
தாடை, நெஞ்சு, வயிறு.
சட்டையைக் கழற்றினாள். பூட்ஸைக் கழற்றினாள்.
எதற்கும் இருக்கட்டுமென்று காலுறை ஒன்றையும்.
தரையில் உட்கார்ந்து
முதலிலிருந்து தொடங்கினாள்.

தர்மோ ராக்கெலைப் பார்த்தார்.
ராக்கெல், துடைத்த இடத்தையே
இன்னொரு முறை துடைத்தாள்.
பஸ் போகும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அவர் குழந்தைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்,
முழங்கால் ஏறக்குறைய காதுவரை.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
மீசையைத் தடவினார். போனை எடுத்தார், வைத்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்.

பூட்ஸ் இடம் வலம் மாறியிருந்தது.
யாரும் வாயைத் திறக்கவில்லை.

கதவின் கைப்பிடி எட்டவில்லை அவளுக்கு.
எம்பினாள். இன்னும் ஒருமுறை எம்பினாள்.
திரும்பி ராக்கெலுக்குக் கையை நீட்டினாள்.
அன்று முழுக்க அதற்கே காத்திருந்தவள்போல்
முக்காலி உருள எழுந்தாள் அவள்.

குப்பை கொட்டப் போனபோது பார்த்தேன்.
பனியில் பெரிய தடங்கள் நேராக.
பக்கத்தில் சின்னத் தடங்கள்,
இடதும் வலதும்
ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி,
பஸ் நிறுத்தம் வரைக்கும்.